கிட்லாட் தாஹிமிக்: எந்தப் படத்தில் தொடங்குவது, எதைக் கவனிப்பது

கிட்லாட் தாஹிமிக்கின் படங்களைப் பார்க்க ஆசைப்படுகிறவர்கள் பலரும் அவருக்குப் பெயர் வாங்கிக்கொடுத்த 'பெர்ஃப்யூம்ட் நைட்மேர்' படத்திலேயே இறங்கிவிடுகிறார்கள். அதை இரண்டாவதாக வைத்துக்கொள்ளுங்கள். முதலில் 1981இல் வந்த 'டுரும்பா'வைப் பாருங்கள்.

நான் மேடையில் நடிப்பவள். பயிற்சிக்கு வரும் இளம் நடிகர்களுக்குச் சுவரில் வெள்ளை வேட்டியைக் கட்டி, புரொஜெக்டர் வைத்து இந்தப் பிலிப்பைன்ஸ் கலைஞரின் படங்களைக் காட்டுவேன். தங்கள் ஊரைப் பற்றி, குடும்பத்தைப் பற்றித் தனியாக நின்று ஒரு நிகழ்வு செய்ய வேண்டும் என்ற ஆசையோடு வருகிறவர்கள் அவர்கள். அடையாளம், வேர், மரபு என்று பெரிய பெரிய சொற்களாக எழுதிக்கொண்டு வருவார்கள். ஒரு பொம்மையையோ ஒரு வண்டியையோ கையில் எடுத்து, அதை வைத்தே ஒரு நாட்டின் கதையை எப்படிச் சொல்வது என்று அவர்களுக்குக் காட்ட இவரைவிட நல்ல ஆசிரியர் எனக்குத் தெரியாது.

'டுரும்பா'வில் கதை நேராகப் போகும், அதனால்தான் அது முதலில். லகுனா மாகாணத்தில் பகில் என்ற ஊர். அங்கே மாதாவுக்கு எடுக்கும் திருவிழாதான் டுரும்பா. ஒரு குடும்பம் காகிதக் கூழில் பொம்மைகள் செய்து அந்தத் திருவிழாவில் விற்கிறது. அப்பா ஊர்வலத்தில் முன்னின்று பாடுகிறவர், சிறுவன் கடு நமக்குக் கதை சொல்கிறான். ஜெர்மனியிலிருந்து வரும் ஒரு பெண்மணி பொம்மைகளைப் பார்த்து மொத்தமாக ஆர்டர் கொடுக்கிறார். அப்புறம் 1972 மியூனிக் ஒலிம்பிக்ஸின் சின்னமான டாக்ஸ்ஹண்ட் நாய் பொம்மைகளுக்குப் பெரிய ஆர்டர் வருகிறது. வீடு பட்டறையாகிறது, பட்டறைக்கு ஊரே வேலைக்கு வருகிறது. கைகளை மட்டும் பார்த்துக்கொண்டிருங்கள். தொடக்கத்தில் பசை தடவும் கையும் கடைசியில் பசை தடவும் கையும் ஒரே மாதிரி இயங்குவதில்லை. அப்பாவின் பாட்டுக்கு என்ன ஆகிறது என்பதையும் கவனியுங்கள். யாரும் கெட்டவர் இல்லை. ஜெர்மன் பெண்மணிகூட அன்பானவர்தான். எனக்கு அதுதான் இந்தப் படத்தில் மிகவும் பிடித்த விஷயம்.

அடுத்த படத்துக்குப் போகும் முன் அவருடைய வாழ்க்கையைக் கொஞ்சம் தெரிந்துகொள்வது அவசியம், ஏனென்றால் எல்லாப் படங்களும் அதிலிருந்துதான் வருகின்றன. இயற்பெயர் எரிக் டி கியா. 1942இல் பகியோ நகரத்தில் பிறந்தார். அமெரிக்கர்கள் தங்கள் கோடைவாசத்துக்காக அமைத்த மலை நகரம் அது. அவருடைய அம்மா அந்த நகரத்தின் மேயராக இருந்த முதல் பெண். மகன் அமெரிக்காவில் வார்ட்டன் பள்ளியில் எம்.பி.ஏ. முடித்து, பாரிஸில் பன்னாட்டுப் பொருளாதார அமைப்பு ஒன்றில் வேலை பார்த்தார். அதை விட்டுவிட்டு 1972இல் மியூனிக் ஒலிம்பிக்ஸுக்குப் போய், காபிஸ் சிப்பியில் செய்த டாக்ஸ்ஹண்ட் சின்னங்களை விற்கப் பார்த்தார். வியாபாரம் படுத்துவிட்டது. கலைஞர்கள் சேர்ந்து வாழும் ஒரு குடியிருப்பில் தங்கினார். ஜெர்மன் இயக்குநர் வெர்னர் ஹெர்சோக் 1974இல் எடுத்த காஸ்பர் ஹவுசர் படத்தில் ஒரு சின்ன வேடம் கிடைத்தது. கேமராவுக்கு முன்னால் நின்றவர் விரைவிலேயே கேமராவையும் கையில் எடுத்துக்கொண்டார். இதைத் தெரிந்துகொண்டு 'டுரும்பா'வின் நாய் பொம்மைகளை இன்னொரு தடவை நினைத்துப் பாருங்கள்.

சரி, இப்போது 'பெர்ஃப்யூம்ட் நைட்மேர்'. 1977இல் பெர்லின் திரைப்பட விழாவில் சர்வதேச விமர்சகர்கள் பரிசு பெற்றது. அமெரிக்காவில் அதைக் கொண்டுபோய்ச் சேர்த்தது அமெரிக்க இயக்குநர் பிரான்சிஸ் கொப்போலாவின் நிறுவனம். தாஹிமிக்கே நாயகன், அவரே இயக்குநர், பின்னணியில் ஆங்கிலத்தில் கதை சொல்லும் குரலும் அவருடையதே. உதட்டசைவும் குரலும் பல இடங்களில் ஒட்டாது. உங்கள் கருவியில் கோளாறு என்று நினைத்து நிறுத்திவிடாதீர்கள். அந்தக் குரலைப் படத்தின் பக்கத்தில் நின்று கதை சொல்லும் ஓர் ஆளாகக் கேளுங்கள், உடனே படம் வசப்பட்டுவிடும். நடிகர்களுக்கு நான் முதலில் சொல்வதே இதுதான். ஒரு நடிகர் திரைக்குப் பக்கத்தில் நின்றுகொண்டு நிகழ்த்துகிறார், திரை அவருடைய மேடைப் பொருள்.

படத்தின் தொடக்கத்தில் ஊருக்குள் வரும் ஒரு கல்பாலம் இருக்கிறது. நாயகன் முதலில் குட்டிப் பொம்மை ஜீப்னியைக் கயிறு கட்டி அதன்மேல் இழுத்துப் போகிறான், அடுத்து அதைவிடப் பெரிய ஒன்றை, கடைசியில் உண்மையான ஜீப்னியையே ஓட்டிப் போகிறான். இந்தக் காட்சியை நிறுத்தி, திரும்ப ஒரு முறை பாருங்கள். இரண்டாம் உலகப் போருக்குப் பிறகு அமெரிக்க ராணுவம் விட்டுப்போன ஜீப்புகளை நீட்டி, பெஞ்சு போட்டு, வண்ணம் அடித்து, சாமி படம் மாட்டி பிலிப்பைன்ஸ் மக்கள் உருவாக்கிய பயணிகள் வண்டிதான் ஜீப்னி. போர் வண்டி ஊர் வண்டியாகிவிட்டது. மரபு என்று அவர் எதைச் சொல்கிறார் என்பதற்கு இதைவிடத் தெளிவான விளக்கம் வேண்டாம்: அடுத்தவன் போட்டுவிட்டுப் போனதையும் எடுத்து, நம் கையால் நமக்கானதாக ஆக்கிக்கொள்ளும் கெட்டிக்காரத்தனம்.

நாயகன் வாய்ஸ் ஆஃப் அமெரிக்கா வானொலி கேட்கிறான், ராக்கெட் விஞ்ஞானி வெர்னர் ஃபான் பிரவுனின் ரசிகர் மன்றத்துக்குத் தலைவனாக இருக்கிறான், பாரிஸுக்குப் போய்ச் சூயிங்கம் இயந்திரங்களில் சூயிங்கம் நிரப்புகிறான். இங்கே சிரிப்பு வரும், சிரியுங்கள். ஆனால் அமெரிக்கக் காவல் சிப்பாயின் குண்டுக்குப் பலியான தந்தையின் கதை வருமிடத்தில் வரலாறு கொஞ்சம் தெரிந்திருக்க வேண்டும். 1898 பாரிஸ் உடன்படிக்கையில் ஸ்பெயின் 2 கோடி டாலருக்குப் பிலிப்பைன்ஸை அமெரிக்காவிடம் விட்டுக்கொடுத்தது. 1899 பிப்ரவரியில் பிலிப்பைன்ஸ் மக்களுக்கும் அமெரிக்கப் படைக்கும் போர் மூண்டது. நாயகன் வேலைக்குப் போகும் நகரமும் பாரிஸ்தான் என்பதை அப்போது மறக்க மாட்டீர்கள்.

மேடைக்கு வருவோம். அவருடைய நிகழ்த்துகலைப் பதிவுகள் இணையத்தில் துண்டு துண்டாகக் கிடைக்கின்றன, தேடிப் பாருங்கள். பிலிப்பைன்ஸ் மலைவாழ் மக்களில் ஒரு குடியான இஃபுகாவோக்களின் கோவணமான பஹாக் கட்டிக்கொண்டு, மூங்கிலால் செய்த கேமராவைத் தூக்கிக்கொண்டு வருவார். அந்த மூங்கில் கேமராவால் படம் எடுக்க முடியாது. அதைத் தோளில் வைத்து அவர் நம்மைப் பார்க்கும்போது, யார் யாரைப் படம் பிடிக்கிறார்கள் என்ற கேள்வி தானாக எழுகிறது. 1904இல் அமெரிக்காவின் செயின்ட் லூயிஸ் கண்காட்சியில் பிலிப்பைன்ஸ் மலைவாழ் மக்களைக் காட்சிப் பொருளாக நிறுத்தினார்கள். அந்த உடை இன்று மேடையில் நிற்கிறது, பேசுகிறது, கேமராவையும் வைத்திருக்கிறது.

இங்கே என் மாணவர்கள் கேட்கும் ஒரு கேள்வியை நீங்களும் கேட்க வேண்டும். அவர் இஃபுகாவோ குடியில் பிறந்தவர் இல்லையே, அந்த உடையைக் கட்ட அவருக்கு என்ன உரிமை? நல்ல கேள்வி. என் பார்வையில், பல ஆண்டுகளாக ஹபாவோ கிராமத்துப் பெரியவர்களிடம் போய்க் கற்றுக்கொண்டதால் அவர் அதை வெறும் வேடமாகக் கட்டவில்லை. ஆனாலும் இந்த விவாதத்தை மூடிவிடாதீர்கள். ஒருவர் தன் மரபென்று பிறப்பால் வந்ததை மட்டும் சொல்லலாமா, பழகிப் பெற்றதையும் சொல்லலாமா என்று பேசிப் பார்க்கிறவருக்குத்தான் தன் நிகழ்வை எங்கிருந்து தொடங்குவது என்று தெரியும்.

வானவில்லின் நடுவில் மஞ்சள் ஏன் என்று கேட்கும் தலைப்புள்ள நீளமான படத்தை ஒரே மூச்சில் பார்க்காதீர்கள். அது ஏறக்குறைய மூன்று மணி நேரம். 1980களின் தொடக்கத்திலிருந்து பத்தாண்டுக்கு மேல் தன் பிள்ளைகள் வளர்வதையும் நாடு கொந்தளிப்பதையும் சேர்த்துப் படமாக்கியிருக்கிறார். 1983இல் எதிர்க்கட்சித் தலைவர் நினாய் அகினோ கொல்லப்பட்டது, 1986இல் சர்வாதிகாரி மார்கோஸை எதிர்த்து மக்கள் தெருவில் இறங்கியது, 1990இல் பகியோவை உலுக்கிய நிலநடுக்கம் எல்லாம் அப்பாவும் மகனும் பேசிக்கொள்ளும் பேச்சுக்கு நடுவே வந்துபோகும். பகுதி பகுதியாகப் பாருங்கள்.

கடைசியில் 'பாலிக்பாயன் #1'. ஸ்பெயினுக்காகக் கப்பல் ஓட்டிய போர்ச்சுக்கீசிய மாலுமி மெகல்லன் மலாக்காவில் வாங்கிய அடிமை என்ரிக்கேயின் கதை. 1521 ஏப்ரலில் மெகல்லன் பிலிப்பைன்ஸின் மாக்டான் தீவில் கொல்லப்பட்டார். கடலில் மொழிபெயர்த்துக்கொண்டு கூடவே வந்த இந்த அடிமை, தன் ஊருக்குத் திரும்பியிருந்தால் உலகைச் சுற்றிய முதல் மனிதர் அவராகத்தானே இருக்க வேண்டும் என்பது படத்தின் வாதம். தாஹிமிக் இளவயதில் என்ரிக்கேயாகத் தானே நடித்து எடுக்கத் தொடங்கி, குடும்பத்தைப் பார்க்க வேண்டி நிறுத்திவைத்து, முதுமையில் திரும்ப எடுத்துக்கொண்டார். 2015இல் பெர்லினில் கலிகாரி பரிசு கிடைத்தது. பழைய படச்சுருளில் இருக்கும் அவருடைய உடலையும் புதிய காட்சிகளில் வரும் உடலையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்துப் பாருங்கள். எந்த ஒப்பனைக்காரராலும் செய்ய முடியாததைக் காலம் செய்திருக்கிறது.

இந்தப் படத்தோடு 2021 அக்டோபரில் மாட்ரிட்டின் கண்ணாடி மாளிகையில் அவர் வைத்த மரச் சிற்பக் காட்சியின் படங்களையும் பார்த்துவிடுங்கள். இஃபுகாவோக்களின் காற்றுத் தெய்வம் இன்ஹாபியன் ஒரு பக்கம், மர்லின் மன்றோ ஒரு பக்கம். அந்த மாளிகை 1887இல் பிலிப்பைன்ஸ் கண்காட்சிக்காகவே கட்டப்பட்டது. அப்போது அந்தக் கண்காட்சிக்குப் பிலிப்பைன்ஸ் மக்களையும் கப்பலில் கொண்டுவந்து காட்டினார்கள்.

அவர் அடிக்கடி சொல்லும் ஒன்று 'சரிலிங் டுவெண்டே'. ஒவ்வொருவருக்குள்ளும் வழிகாட்டும் குட்டிப் பூதம் ஒன்று இருக்கிறது, அது சொல்வதைக் கேட்டுச் செய் என்பார். இதைத் தத்துவமாக எழுதிவைக்காமல் பயிற்சியாகச் செய்யுங்கள். உங்கள் வீட்டிலிருந்து ஒரு பொருளை எடுங்கள். எங்கிருந்து வந்தது, யார் விற்றார், யார் மாற்றினார், எந்தக் கை அதில் பட்டது என்று அந்தப் பொருளைக் கையில் வைத்துக்கொண்டே சத்தமாகச் சொல்லுங்கள். எழுதிப் படிக்காதீர்கள், கை நகரும் வேகத்தில் வாய் பேசட்டும். 'பாலிக்பாயன்' படத்தைத் தேடும்போது பெயருக்குப் பின்னால் ரிடக்ஸ் என்றும் ஓர் எண்ணும் இருக்கும். பெர்லினில் பரிசு வாங்கியது மூன்றாம் வடிவம். வேறு எண்ணோடு கிடைத்தால் அதையும் பாருங்கள், அவர் திரும்பத் திரும்ப வெட்டி ஒட்டிய வடிவங்கள் அவை.