கோத்தகிரியில் ஒட்டிக்கொண்ட ஊசி வால்வு

மழைக்காலம் முழுவதும் கொட்டகையில் நின்ற அப்பாவின் பழைய கார் கிளம்ப மறுத்தது. கோத்தகிரியில் எல்லோரும் குளிரைத்தான் குற்றம் சொல்வார்கள். எனக்கு அதில் நம்பிக்கை இல்லை. தீப்பொறி வராதபடி இக்னிஷன் காயிலின் ஒயரை எடுத்துவிட்டு, பெட்ரோலைக் காற்றோடு கலந்து எஞ்சினுக்குத் தரும் கார்புரேட்டருக்கு வரும் குழாயைக் கழற்றி ஒரு பாட்டிலில் விட்டு, ஸ்டார்ட்டரைச் சுற்றவிட்டேன். பெட்ரோல் தாராளமாகக் கொட்டியது. பம்பில் குறையில்லை, சந்தேகம் கார்புரேட்டருக்குள் பெட்ரோல் நுழையும் வழியைத் திறந்து மூடும் ஊசி வால்வின் மேல் விழுந்தது.

அந்த ஊசியை இயக்கும் மிதவை, கார்புரேட்டரில் பெட்ரோல் தேங்கும் மிதவை அறையில் இருக்கிறது. திருப்புளியின் கைப்பிடியால் அந்த அறையை மெல்லத் தட்டினேன். சில வண்டிகளுக்கு அதுவே போதும், இதற்குப் போதவில்லை. மூடியைத் திறந்து கீல் பின்னை உருவினேன். மிதவை கையோடு வந்தது, ஊசி வரவில்லை. நாள்பட்ட பெட்ரோல் காய்ந்து, பலாப்பிசின் போல அதைப் பிடித்திருந்தது. இங்கே குறடு போடவே கூடாது. ஊசி முனையில் கீறல் விழுந்தால் பிறகு பெட்ரோல் வழிந்துகொண்டே இருக்கும். கார்புரேட்டர் கிளீனரைப் பீய்ச்சி ஊறவிட்டு, பெட்ரோல் நுழையும் துளை வழியாக சைக்கிள் பம்பால் காற்றடித்தேன். ‘டப்’பென்று ஊசி விழுந்தது.

எத்தனால் கலந்த பெட்ரோல் ஈரத்தை இழுக்கும். இந்த மூடுபனி ஊரில் அதை மாதக்கணக்கில் டாங்கில் வைப்பது வம்பு. மிதவை மட்டத்தைச் சரிபார்த்து மூடினேன். மேட்டுப்பாளையம் இறங்கி ஏறியும் கசிவு இல்லை.