சாம்பல் மேகமா, துருவ ஒளியா?

துருவப் பகுதிகளின் இரவு வானில் தோன்றும் வண்ண ஒளியே துருவ ஒளி (அரோரா). அதைப் பார்க்கப் போன இடத்தில், வடக்கு வானில் சாம்பல் நிறப் பட்டை மங்கலாகத் தெரிந்தால், மேகம் என்று எண்ணிக் கிளம்பிவிடாதீர்கள். கேமராவை முக்காலியில் நிறுத்தி, ஐ.எஸ்.ஓ. (ஒளி உணர்திறன்) 3200, எஃப் (லென்ஸ் துளை அளவு) 2.8, ஒளி சேர்க்கும் நேரம் ஐந்து விநாடி என வைத்து ஒரு சோதனைப் படம் எடுங்கள். திரையில் பச்சை படர்ந்திருந்தால் பெரும்பாலும் அது வடதுருவ ஒளிதான். உடனே இடம்பிடித்துக் காத்திருங்கள், சில நிமிடங்களில் வானமெங்கும் பரவி ஆடத் தொடங்கலாம். அந்தக் காட்சியைத் தவறவிடக் கூடாது!

இருட்டில் நம் கண்ணின் கோல் செல்களே (மங்கிய ஒளியை உணரும் செல்கள்) வேலை செய்கின்றன; அவற்றால் நிறத்தைப் பிரித்தறிய முடியாது. கேமராவோ விநாடிக்கணக்கில் ஒளியைச் சேர்ப்பதால், உயரத்தில் ஆக்சிஜன் அணுக்கள் உமிழும் பச்சையைப் பதிவு செய்துவிடுகிறது.

ஊர் விளக்குகளின் வெளிச்சம் மேகத்தில் பட்டுத் தெறிக்கும் இடங்களில் இந்தச் சோதனையை நம்ப வேண்டாம்.