அமெரிக்கப் பெருமந்தத்தைப் பற்றி எழுதும்போது தவிர்க்க வேண்டிய தவறுகள்

1920 முதல் 1945 வரையிலான அமெரிக்க வரலாற்றைப் பல மாணவர்கள், 1929-இல் பங்குச் சந்தை சரிந்தது, அதனால் பெருமந்தம் எனப்படும் கடும் பொருளாதார வீழ்ச்சி வந்தது, அதிபர் ரூஸ்வெல்ட் வந்து அதைத் தீர்த்தார் என்று மூன்றே வரிகளில் முடித்துவிடுகிறார்கள். இந்தச் சுருக்கத்தில் காரணங்களும் பிழைபடுகின்றன, அந்த ஆண்டுகளை வாழ்ந்து கடந்த மக்களில் பெரும்பகுதியினரும் காணாமல் போகிறார்கள்.

1920-களை எல்லோருக்கும் செழிப்பான காலம் என்று எழுதுவதிலிருந்தே பிழை தொடங்குகிறது. முதல் உலகப் போரின்போது தானியத்துக்கு நல்ல விலை கிடைத்ததால் கடன்பட்டு நிலம் வாங்கிய உழவர்கள், 1920-க்குப் பின் விலை வீழ்ந்தபோது கடனை அடைக்க வழியின்றித் தவித்தார்கள். நகரத்துக் குடும்பங்கள் தவணை முறையில் காரும் வானொலிப் பெட்டியும் வாங்கிய அந்த ஆண்டுகளில், பத்துப் பண்ணை வீடுகளில் ஏறத்தாழ ஒன்பதுக்கு மின்சாரமே வரவில்லை. அந்தப் பத்தாண்டில் 5,000-க்கும் மேற்பட்ட வங்கிகள் மூடப்பட்டன. அவற்றில் பெரும்பாலானவை கிராமப்புறச் சிறு வங்கிகள்.

அடுத்த தவறுதான் மிகப் பரவலானது: பங்குச் சந்தை சரிந்த 1929 அக்டோபர் 29-ஆம் தேதியே பெருமந்தத்தைக் கொண்டுவந்தது என்று எழுதுவது. பெரும்பாலான குடும்பங்களிடம் பங்குகளே இருக்கவில்லை. அவர்களுடைய வாழ்க்கையைப் பெரிதும் குலைத்தது வங்கிகளின் வீழ்ச்சி. மக்கள் போட்ட பணத்தை வங்கி பெட்டகத்தில் பூட்டி வைப்பதில்லை. அது உழவருக்கும் கடைக்காரருக்கும் கடனாகப் போயிருக்கும். வங்கி நொடித்துவிடும் என்று வதந்தி பரவி, காலையில் வாசலில் வரிசை நின்றுவிட்டால், அது தன் கைவசமுள்ள கடன் பத்திரங்களைக் கிடைத்த விலைக்கு விற்க வேண்டும். அப்படி விற்பதால் பத்திர விலை இறங்கி, நேற்றுவரை நல்ல நிலையில் இருந்த பக்கத்து ஊர் வங்கியும் ஆட்டம் காணும். வைப்புத்தொகைக்குக் கூட்டாட்சி அரசின் காப்பீடு இல்லாத அந்தக் காலத்தில், வரிசையின் கடைசியில் நின்றவருக்கு ஆயுட்காலச் சேமிப்பே போய்விடக்கூடும். 1930 முதல் 1933 வரை சுமார் 9,000 வங்கிகள் வீழ்ந்தன. அதைத் தடுக்க வேண்டிய மத்திய வங்கியான ஃபெடரல் ரிசர்வ் போதிய அளவில் தலையிடாததால், நாட்டின் பண அளிப்பு, அதாவது புழக்கத்திலும் வங்கிக் கணக்குகளிலும் இருந்த பணம், ஏறத்தாழ மூன்றில் ஒரு பங்கு குறைந்தது. 1929-இல் 3 விழுக்காட்டை ஒட்டியிருந்த வேலையின்மை 1933-இல் 25 விழுக்காட்டைத் தொட்டது.

ரூஸ்வெல்ட்டுக்கு முன் அதிபராக இருந்த ஹூவர் கைகட்டி வேடிக்கை பார்த்தார் என்பதும் சரியன்று. 1932-இல் வங்கிகளுக்கும் ரயில் நிறுவனங்களுக்கும் கடன் தரும் அமைப்பை அவர் உருவாக்கினார். ஆனால் பசித்தவருக்குக் கூட்டாட்சி அரசு நேரடியாகப் பண உதவி செய்வதை ஏற்க மறுத்தார்.

ரூஸ்வெல்ட்டின் நியூ டீல் என்ற நிவாரண, சீர்திருத்தத் திட்டங்களின் தொகுப்பு பெருமந்தத்தை முடித்தது என்று எழுதுவதும், அதனால் பயனே இல்லை என்று எழுதுவதும் ஒரே அளவு தவறானவை. 1937-க்குள் வேலையின்மை ஏறத்தாழ 14 விழுக்காடாக இறங்கியது. அவ்வாண்டில் அரசு செலவைக் குறைத்ததும் மீண்டும் ஏறியது. இரண்டாம் உலகப் போருக்கான உற்பத்தி உச்சத்தில் இருந்த 1944-இல்தான் அது 1 விழுக்காட்டை நெருங்கியது.

எனக்கு மிகவும் வருத்தம் தருவது, விடுபட்டவர்களைப் பற்றி எழுதாமல் போவதுதான். 1935-ஆம் ஆண்டின் சமூகப் பாதுகாப்புச் சட்டம் தந்த முதியோர் காப்பீட்டில் பண்ணைத் தொழிலாளருக்கும் வீட்டு வேலை செய்வோருக்கும் இடமில்லை. தெற்கு மாநிலங்களில் கறுப்பின மக்களில் பெரும்பாலோர் செய்தவை அந்த வேலைகளே. பாதுகாப்புத் தொழிற்சாலைகளில் இனப் பாகுபாட்டைத் தடுக்கும் ஆணையை ரூஸ்வெல்ட் 1941-இல் பிறப்பித்தது, கறுப்பினத் தொழிற்சங்கத் தலைவர் ஏ. ஃபிலிப் ராண்டால்ஃப் வாஷிங்டனை நோக்கிப் பேரணி நடத்தப்போவதாக அறிவித்த பிறகுதான். போர் வேலை தந்தது என்று எழுதும் அதே பத்தியில், 1942 பிப்ரவரியில் கையெழுத்தான ஆணையின்படி முகாம்களில் அடைக்கப்பட்ட சுமார் 1,20,000 ஜப்பானிய வம்சாவளியினரும் இடம்பெற வேண்டும். அவர்களில் மூன்றில் இரு பங்கினர் அமெரிக்கக் குடிமக்கள். கையில் தூக்கிச் செல்ல முடிந்ததை மட்டுமே அவர்கள் எடுத்துச் செல்லலாம் என்று சுவரொட்டிகள் அறிவித்தன. அந்த வெளியேற்றம் செல்லும் என்று உச்ச நீதிமன்றம் 1944-இல் தீர்ப்பளித்தது. அரசு மன்னிப்புக் கேட்டு, அப்போது உயிரோடிருந்த ஒவ்வொருவருக்கும் 20,000 டாலர் வழங்கச் சட்டம் இயற்றியது 1988-இல்தான்.