வீட்டுத் தொட்டியில் தங்கமீன்: நீர், வெயில், நோய், துன்பமில்லா முடிவு

தருமபுரி, கிருஷ்ணகிரி மாவட்டங்களில் வீட்டு முற்றத்தில் சிமெண்ட் தொட்டி கட்டித் தங்கமீன் வளர்ப்பவர்கள் பலரும், மீன் சோர்ந்து ஒதுங்கியவுடன் கடைக்குச் சென்று நீல நிற மருந்து ஒன்றை வாங்கி வந்து ஊற்றுகிறார்கள். அந்த மருந்து பெரும்பாலும் பயன்படுவதில்லை. ஏனெனில் தொட்டியில் நேரும் நோய்களில் பெரும்பகுதி, நீர் கெட்டதனால் மீன் எதிர்ப்பாற்றலை இழந்த பிறகு வருபவை. நீரைச் சரிசெய்யாமல் மீனுக்கு மருந்திடுவது வீண் செலவு.

இப்பகுதியின் ஆழ்துளைக் கிணற்று நீர் பல ஊர்களில் கடினமானது, காரத்தன்மை உடையது. ஃபுளூரைடு மிகுந்த நிலத்தடி நீரைக் குடிப்பதற்கு மாற்றாகவே ஓகேனக்கல் கூட்டுக் குடிநீர்த் திட்டம் 2013-இல் தொடங்கப்பட்டது என்பதை வாசகர்கள் அறிவார்கள். தங்கமீன் கடின நீரை நன்றாகவே தாங்கிக்கொள்ளும். எனவே உப்புத்தன்மை சற்றுக் கூடுதலாக இருப்பதற்காக மட்டும் அஞ்ச வேண்டியதில்லை. அஞ்ச வேண்டியது காரத்தன்மையும் அம்மோனியாவும் சேரும் நிலைக்குத்தான். மீன் தன் செவுள் வழியே இடைவிடாமல் அம்மோனியாவை வெளியேற்றுகிறது. எஞ்சிய தீவனமும் கழிவும் அழுகும்போது அது மேலும் பெருகுகிறது. காரம் கூடக் கூட உயரும் பி.எச். அளவு 7 உள்ள நீரில், 25 பாகை செல்சியஸ் வெப்பத்தில், மொத்த அம்மோனியாவில் நூற்றில் ஒரு பங்குக்கும் குறைவானதே நச்சு வடிவில் இருக்கும். அதே நீரின் பி.எச். 8 ஆனால் ஏறக்குறைய ஐந்து விழுக்காடும், 8.5 ஆனால் ஏறக்குறைய பதினைந்து விழுக்காடும் நச்சாக மாறுகின்றன. வெயிலில் நீர் சூடேறினால் இந்தப் பங்கு இன்னும் உயரும். ஆற்றுநீரில் வளர்ப்பவருக்குத் தீங்கு செய்யாத அளவு அழுக்கு, நம் ஊர்க் கிணற்று நீரில் செவுளை எரிப்பதற்கு இதுவே காரணம்.

ஆகவே அம்மோனியா, அது மாறி உண்டாகும் நைட்ரைட், பி.எச். ஆகிய மூன்றையும் காட்டும் சொட்டுச் சோதனைப் பெட்டி ஒன்றை மருந்துக்கு முன்பே வாங்கி வைத்துக்கொள்ள வேண்டும். முதல் இரண்டும் எப்போதும் சுழியமாகக் காட்ட வேண்டும்.

தொட்டியின் அளவைப் பற்றிக் கடைக்காரர்கள் சொல்வதைப் பாதியாகக் குறைத்தே கேட்க வேண்டும். ஆறடி நீளம், நான்கடி அகலம், இரண்டரை அடி ஆழம் உள்ள தொட்டி சுமார் 1,700 லிட்டர் கொள்ளும். அதில் பத்து அல்லது பன்னிரண்டு மீன்களுக்கு மேல் விடுவது முறையன்று. வாங்கும்போது இரண்டு விரல் நீளம் இருக்கும் சாதாரணத் தங்கமீன், இடமும் தீவனமும் கிடைத்தால் ஓரடி வரை வளரும். பத்துப் பதினைந்து ஆண்டுகள் வாழும். கண்ணாடிக் கிண்ணத்தில் வைத்து வளர்க்கலாம் என்பது விற்பனைக்காகச் சொல்லப்படும் பேச்சு. உருண்டை உடல் கொண்ட ஒராண்டா, ரியூகின் போன்ற வகைகள் மெதுவாக நீந்துவதால், அவற்றை நீள்உடல் வகைகளோடு சேர்த்தால் தீவனத்துக்கான போட்டியில் பின்தங்கி மெலியும்.

புதிதாகக் கட்டிய சிமெண்ட் தொட்டியில் உடனே மீன் விடக் கூடாது. சிமெண்டிலிருந்து கசியும் சுண்ணாம்பு பி.எச். அளவை 9-க்கு மேல் ஏற்றிவிடும். நீர் நிரப்பி, நறுக்கிய வாழைத்தண்டு போட்டு ஊறவிட்டு, சில நாள்களுக்கு ஒருமுறை இறைத்து மாற்றி, மூன்று வாரம் ஆன பின் சோதனையில் பி.எச். 8.5-க்குக் கீழே நின்றால் மட்டுமே மீனுக்கு இடமளிக்கலாம். அதன் பிறகும் ஒரு பொறுமை தேவை: அம்மோனியாவை நைட்ரைட்டாகவும், நைட்ரைட்டை நைட்ரேட்டாகவும் மாற்றும் நுண்ணுயிர்கள் ஃபில்டரில் குடியேற நான்கு முதல் ஆறு வாரங்கள் ஆகும். அக்காலத்தில் இரண்டு மூன்று மீன்களை மட்டும் விட்டு, தீவனத்தைக் குறைத்து, நீரை அடிக்கடி சோதிக்க வேண்டும். ஃபில்டர் பஞ்சைக் குழாய்த் தண்ணீரில் அலசினால் குளோரின் அந்த நுண்ணுயிர்களைக் கொன்றுவிடும். தொட்டி நீரிலேயே ஒரு வாளியில் அலச வேண்டும்.

வாரந்தோறும் நீரில் ஐந்தில் ஒரு பங்கை மாற்றுவது போதுமானது. ஊராட்சி அல்லது நகராட்சிக் குழாய் நீரானால் ஒரு நாள் திறந்த பாத்திரத்தில் வைத்திருந்தோ, சோடியம் தயோசல்பேட் கரைசல் சேர்த்தோ குளோரினை நீக்கிய பிறகு ஊற்ற வேண்டும். ஆழ்துளைக் கிணற்று நீரில் ஆக்சிஜன் மிகக் குறைவாக இருக்கும். அதையும் ஒரு நாள் ஏர் பம்ப் ஓட விட்டே சேர்க்க வேண்டும். ஆர்.ஓ. கருவி கழிக்கும் நீரைத் தொட்டிக்குத் திருப்பிவிடும் வழக்கம் சில வீடுகளில் உண்டு. அதில் உப்புகள் செறிந்திருப்பதால் அது செடிக்கும் ஆகாது, மீனுக்கும் ஆகாது. சித்திரை, வைகாசியில் மாடியில் உள்ள கறுப்புப் பிளாஸ்டிக் தொட்டியின் நீர் நண்பகலில் கை வைக்க முடியாத அளவுக்குச் சுடும் என்பதால், நீர் மாற்றும் வேலையை விடியற்காலையில் முடித்துவிட வேண்டும்.

வெயிலும் ஆக்சிஜனும்

தங்கமீன் குளிர்நீர் மீன்; 18 முதல் 24 பாகை வரையிலான நீரே அதற்கு உகந்தது. கடல்மட்டத்திலிருந்து ஏறத்தாழ 900 மீட்டர் உயரத்தில் உள்ள ஓசூரில் ஆண்டின் பெரும்பகுதி இந்நிலை எளிதில் கிடைக்கும். தருமபுரி, அரூர், ஊத்தங்கரைப் பக்கம் கோடையில் கிடைக்காது. 20 பாகை நீரில் லிட்டருக்கு 9 மில்லிகிராம் வரை கரையும் ஆக்சிஜன், 30 பாகையில் ஏழரை மில்லிகிராமாகக் குறைகிறது. சூட்டில் மீனுக்குத் தேவைப்படும் ஆக்சிஜனோ கூடுகிறது. எனவே தொட்டிக்கு மேல் ஐம்பது விழுக்காடு நிழல்வலை கட்டுவதும், நீரின் ஆழத்தை இரண்டரை அடிக்குக் குறையாமல் வைப்பதும், ஆம்பல் போன்ற இலைத்தாவரத்தைப் பரப்பின் ஒரு பகுதியில் வளர விடுவதும் அவசியம். ஐஸ் கட்டிகளைக் கொட்டிக் குளிர்விப்பது வேண்டாம். திடீர் மாற்றமே மீனைத் தாக்கும். நீர் பச்சையாகிப் பாசி பெருகிய தொட்டியில், பகலில் பாசி ஆக்சிஜனை உண்டாக்கினாலும் இரவில் அதுவே அதை உறிஞ்சிக்கொள்வதால், விடியற்காலை ஐந்து மணிக்கு மீன்கள் மேலே வந்து வாய் திறந்து மூச்சு வாங்கும். அந்த நேரத்தில் ஒருமுறை தொட்டியைப் பார்ப்பது, நாள் முழுதும் பார்ப்பதைவிடப் பயனுள்ளது. மின்தடைக்கென மின்கலத்தில் ஓடும் ஏர் பம்ப் ஒன்று வீட்டில் இருக்கட்டும்.

தீவனத்தில் நாம் செய்யும் பிழை அன்பினால் நேர்வது. இரண்டு மூன்று நிமிடத்தில் உண்டு முடிக்கும் அளவே, நாளுக்கு இருமுறை, போதும். தெப்பக்குளத்து மீன்களுக்குப் பொரி போடும் வழக்கத்தை வீட்டுத் தொட்டிக்குக் கொண்டுவர வேண்டாம். அங்கே நீர் பெரிது, இங்கே அந்தப் பொரி ஊறி அம்மோனியாவாகும். ஓசூர்ப் பக்கம் மார்கழி இரவுகளில் நீர் 15 பாகைக்குக் கீழே போகும் நாள்களில் செரிமானம் மந்தமாவதால் தீவனத்தைக் குறைக்க வேண்டும்.

கிருஷ்ணகிரி மாவட்டத்துக்கே உரிய ஒரு ஆபத்தையும் சொல்லியாக வேண்டும். மா பூக்கும் மார்கழி முதல் மாசி வரை, தத்துப்பூச்சிக்காகத் தோப்புகளில் பூச்சிக்கொல்லி அடிக்கிறார்கள். அவற்றில் செயற்கைப் பைரித்ராய்டு வகைகள் மீனுக்கு மிகக் கொடிய நஞ்சு. காற்றில் வரும் தூவலே ஒரு தொட்டி மீன்களையும் கொல்லப் போதும். தோப்பை ஒட்டிய வீட்டினர், மருந்தடிக்கும் நாளைப் பக்கத்துத் தோட்டக்காரரிடம் கேட்டு வைத்துக்கொண்டு, அன்று தொட்டியைத் தார்ப்பாயால் மூடி, ஏர் பம்பின் காற்று அந்தப் பக்கத்திலிருந்து வராதபடி பார்த்துக்கொள்ள வேண்டும். கொசு ஒழிப்புப் புகை அடிக்கும்போதும் இதே கவனம் தேவை. தொட்டி ஓரத்தில் அரளி நடவே கூடாது.

நோய் கண்டபோது

முதல் வேலை நீரைச் சோதித்து, கால் பங்கை மாற்றி, காற்றோட்டத்தைக் கூட்டி, தீவனத்தை ஒரு நாள் நிறுத்துவது. நைட்ரைட் கூடியிருந்தால் மீனின் செவுள் பழுப்பேறி, ஆக்சிஜன் இருந்தும் மூச்சுத் திணறும். லிட்டருக்கு ஒரு கிராம் கல்லுப்பு சேர்த்தால் நைட்ரைட் உடலுக்குள் புகுவது குறையும். பல நேரங்களில் இவ்வளவிலேயே மீன் தேறிவிடும்.

உடலெங்கும் ரவை தூவியதுபோல் வெண்புள்ளிகள் தோன்றினால் அது ஒட்டுண்ணி நோய். செடிகளை வேறிடத்துக்கு மாற்றிவிட்டு, லிட்டருக்கு மொத்தம் மூன்று கிராம் கல்லுப்பை, அதாவது முன்சொன்ன 1,700 லிட்டர் தொட்டிக்கு ஏறக்குறைய ஐந்து கிலோவை, மூன்று பங்காக்கி, பன்னிரண்டு மணி நேர இடைவெளியில் கரைத்துக் கரைத்து ஊற்ற வேண்டும். கடைசிப் புள்ளி மறைந்த பிறகும் பத்து நாள் அந்த உப்பு இருக்கட்டும். ஒட்டுண்ணி மீனின் உடலை விட்டு நீங்கித் தொட்டியின் அடியில் பெருகும் பருவமும் உண்டு. அதன் பின் நீர் மாற்றி மாற்றி உப்பைக் குறைக்கலாம். நூல்போல் தொங்கும் நங்கூரப் புழுவையும், தட்டையாக ஒட்டிக்கொண்டிருக்கும் மீன் பேனையும் ஈரத்துணியில் மீனைப் பிடித்து இடுக்கியால் எடுக்கலாம். துடுப்பு அரிப்புக்குத் தூய நீரும் உப்பும் பெரும்பாலும் போதும். புண் ஆழமானால் கால்நடை மருத்துவரைக் கேட்காமல் ஆன்டிபயாடிக் மாத்திரையைப் பொடித்துத் தொட்டியில் போடுவது, ஃபில்டரின் நுண்ணுயிர்களைக் கொல்வதோடு மருந்துக்கு அடங்காத கிருமிகளையும் வளர்க்கும். பாரூரில் தமிழ்நாடு மீன்வளப் பல்கலைக்கழகத்தின் மையம் ஒன்று இயங்குகிறது. மாவட்ட மீன்வளத் துறை அலுவலகத்திலும் ஆலோசனை கேட்கலாம்.

இவற்றில் பாதியையேனும் தவிர்க்க எளிய வழி, புதிய மீனை மூன்று நான்கு வாரங்கள் தனித் தொட்டியில் வைத்துப் பார்ப்பது. கடைப் பையின் நீரை எந்நிலையிலும் தொட்டியில் ஊற்றக் கூடாது.

மீட்க முடியாத மீனுக்கு

வயிறு உப்பிச் செதில்கள் சிலிர்த்து நிற்பது பெரும்பாலும் சிறுநீரகம் செயலிழந்ததன் அறிகுறி. அந்நிலையில் மீள்வது அரிது. பல நாளாக உண்ணாமல் பக்கவாட்டில் கிடப்பதும், புண் எலும்பு வரை இறங்குவதும் அப்படியே. இத்தகைய மீனைத் துன்பமின்றி முடித்துவைப்பது வளர்ப்பவரின் கடமை என்றே கருதுகிறேன். இயற்கையாகச் சாகட்டும் என்று விடுவது பல நாள் வேதனையை நீட்டிப்பதாகும்.

நாட்டு மருந்துக் கடையில் பல்வலிக்கு விற்கும் கிராம்புத் தைலம் இதற்குப் பயன்படும். வேறு எண்ணெய் கலக்காத தூய தைலமாக இருக்க வேண்டும். மீன் வாழ்ந்த தொட்டியின் நீரையே ஐந்து லிட்டர் வாளியில் எடுத்து, மீனை மெல்ல அதில் விடவும். தைலம் நீரில் தானாகக் கரையாது. ஆகவே ஒரு சிறு புட்டியில் வெதுவெதுப்பான நீரோடு ஐந்து சொட்டுச் சேர்த்து, பால்போல் வெளுக்கும் வரை குலுக்கி, மெதுவாக வாளியில் ஊற்ற வேண்டும். சில நிமிடங்களில் மீன் நிலை தவறிச் சாய்ந்து, தொட்டாலும் அசையாத மயக்கத்தை அடையும். அதற்குப் பிறகே இரண்டு மில்லி தைலத்தை அதே போலக் கலக்கி ஊற்ற வேண்டும். செவுள் மூடியின் அசைவு நின்றவுடன் எடுத்துவிடக் கூடாது. தங்கமீன் தாங்கும் திறன் மிக்கது, நல்ல நீர் பட்டால் மீண்டும் மூச்சு விடும். அசைவு நின்ற பின் ஒரு மணி நேரமாவது வாளியிலேயே இருக்கட்டும். எடுக்கும்போது உடலைப் பக்கம் புரட்டிப் பாருங்கள். உயிருள்ள மீனின் கண், உடல் சாய்ந்தாலும் நிமிர்ந்து நிற்க முயலும். இந்த வேலையைச் செய்ய மனம் ஒப்பாதவர்கள் கால்நடை மருத்துவரிடம் கொண்டு செல்லலாம்.

ஐஸ் நீரில் போடுவது, குளிர்பதனப் பெட்டியில் வைப்பது, தரையில் விட்டுவிடுவது, கழிப்பறையில் ஊற்றுவது ஆகியவை எல்லாம் கொடுமை. குளிரைத் தாங்கப் பிறந்த தங்கமீன் குளிர்பதனப் பெட்டியில் மெல்ல மெல்லவே சாகும். இராமக்கால் ஏரியிலோ கிருஷ்ணகிரி அணையிலோ கொண்டுபோய் விடுவது இரக்கமும் அன்று. அயல்நாட்டு மீனான இது பிழைத்தால் அடிச்சேற்றைக் கிளறி நீரைக் கலக்கி அங்குள்ள உயிர்களின் வாழ்விடத்தைக் கெடுக்கும். பிழைக்காவிட்டாலும் தன் நோயை அங்கே விட்டுச் செல்லும்.

இறந்த மீனை நாய் தோண்டாத ஆழத்தில், ஓரடிக்குக் கீழே, கிணற்றிலிருந்து தள்ளிப் புதைக்க வேண்டும். வாளி நீரைச் செடிக்கோ தொட்டிக்கோ ஊற்றாமல் வெறும் மண்ணில் கொட்டலாம். வலையையும் வாளியையும் உப்புநீரில் கழுவி வெயிலில் நன்றாகக் காய வைத்து, எஞ்சிய மீன்களின் நீரை அன்றே சோதித்து, அடுத்த ஒரு மாதத்துக்குப் புதிய மீன் எதையும் அந்தத் தொட்டியில் விடாதிருக்க வேண்டும்.