விமான மோட்டார்: தரைக் கணக்கு மேலே செல்லாது

மேசைமேல் வைத்து ஓட்டிப் பார்த்தாயிற்று, டார்க் (சுழற்றும் விசை) சரி, சூடும் ஏறவில்லை, அப்படியே விமானத்தில் மாட்டிவிடலாம் என்று நினைப்பதுதான் முதல் தவறு. 40,000 அடி உயரத்தில் காற்றின் அடர்த்தி கடல் மட்டத்தில் உள்ளதில் கால் பங்குதான். வெளியே மைனஸ் 56 டிகிரி குளிர் என்பது உண்மை. ஆனால் சூட்டை அள்ளிக்கொண்டு போகக் காற்று வேண்டுமே! அந்த உயரத்துக்கு மோட்டாரின் சுமையைக் குறைத்துக் கணக்கிடுங்கள். அழுத்தம் குறைந்தால் தீப்பொறியும் எளிதாகத் தாவும். மோட்டார் சுருளின் மின்காப்பையும் அதற்கேற்பத் தேர்ந்தெடுக்க வேண்டும்.

பிரஷ் மோட்டாரில், அதாவது சுழலும் பகுதியை உரசியபடி மின்சாரம் கொடுக்கும் கார்பன் துண்டுகள் உள்ள மோட்டாரில், இன்னொரு சிக்கல் உண்டு. இரண்டாம் உலகப் போரில் உயரே பறந்த விமானங்களில் கார்பன் பிரஷ்கள் சில மணி நேரத்திலேயே தூளாகிப் போயின. காற்றின் ஈரப்பசை இருந்தால்தான் பிரஷ்ஷில் உள்ள கிராஃபைட் வழுக்கும். மேலே காற்று வறண்டு கிடக்கிறது. அதனால் உயரத்துக்கென்று தயாரித்த பிரஷ் வேண்டும், அல்லது பிரஷ் இல்லாத மோட்டார்.

அப்புறம், ஃபிளாப் (இறக்கையின் பின்விளிம்பில் நீண்டு மடங்கும் பலகை) மோட்டார் போன்றவை சில நொடிகள் ஓடி ஓய்வெடுக்கும் வகை. சோதிக்கிறோம் என்று தரையில் திரும்பத் திரும்ப ஓட்டினால் சுருள் கருகும். கையேடு சொல்லும் இடைவெளியை விட்டே ஆகவேண்டும்.

எல்லாவற்றையும்விட எனக்குக் கவலை தருவது, மோட்டாரை மட்டும் பார்த்துவிட்டு அது சுழற்றும் திருகை மறப்பது. 2000 ஜனவரி 31 அன்று அலாஸ்கா ஏர்லைன்ஸ் 261 என்ற விமானம் கலிஃபோர்னியா கடலோரம் கடலில் விழுந்து 88 பேர் இறந்தார்கள். வால் பகுதிக் கிடைச்சிறகை நகர்த்தும் ஜாக்ஸ்க்ரூ என்ற நீண்ட திருகில் போதிய கிரீஸ் இல்லாமல், நட்டின் மரைகள் முழுக்கத் தேய்ந்து உரிந்திருந்தன. சிக்கிக்கொண்ட திருகை விடுவிக்க விமானிகள் மோட்டாரை இயக்கிப் பார்த்தும் காப்பாற்ற முடியவில்லை.

ஆக்சுவேட்டர் (மோட்டாரின் விசையால் ஒரு பாகத்தை நகர்த்தும் அமைப்பு) எதுவானாலும் கிரீஸ் அடிக்கும்போது, பழைய கிரீஸ் பிதுங்கி வெளியே வருகிறதா என்று கண்ணால் பாருங்கள். அந்த விமானத்தில் கிரீஸ் போகும் வழியே காய்ந்த கிரீஸால் அடைத்திருந்தது. 1997 பரிசோதனையில் திருகுக்கும் நட்டுக்கும் இடையிலான ஆட்டம் முதலில் 0.040 அங்குலம் காட்டியது, அதாவது அனுமதித்த எல்லையையே தொட்டுவிட்டது. மறுபடி அளந்தார்கள், 0.033 வந்தது, நட்டை மாற்றாமல் அனுப்பிவிட்டார்கள். இரண்டு அளவு இரண்டு விதமாக வந்தால் சாதகமானதை எடுத்துக்கொள்ளாதீர்கள். அளக்கும் கருவியை முதலில் சரிபாருங்கள், சந்தேகம் தீராவிட்டால் நட்டை மாற்றிவிடுங்கள்.