ட்ரோன் தடுப்புக் கருவி வாங்குகிறீர்களா? மணலி, எண்ணூர் பக்கம் அடிக்கடி நடக்கும் தவறுகள்

"சார், துப்பாக்கி மாதிரி ஒன்று இருக்குமே, நீட்டினால் ட்ரோன் அப்படியே கீழே இறங்குமே, அது என்ன விலை?" மணலியில் ஆலை வைத்திருப்பவர், திருவொற்றியூரில் கன்டெய்னர் யார்டு நடத்துபவர், எண்ணூரில் கிடங்குக் காவலுக்குப் பொறுப்பாக இருக்கும் ஓய்வுபெற்ற ராணுவக்காரர், யாராக இருந்தாலும் முதலில் கேட்பது இதைத்தான்.

வாங்காதீர்கள். சட்டப்படி வாங்கவும் முடியாது. அந்தத் துப்பாக்கி ஒரு ஜாமர், அதாவது ரேடியோ சிக்னலை அடைக்கும் கருவி. இந்தியாவில் தனியார் நிறுவனமோ தனி ஆளோ ஜாமர் வாங்கவும் கூடாது, பயன்படுத்தவும் கூடாது. மத்திய அரசு குறிப்பிட்டு அனுமதித்தவர்களுக்கு மட்டும்தான். 2022 ஜனவரியில் தொலைத்தொடர்புத் துறை ஆன்லைன் வணிக நிறுவனங்களுக்கே இதை எழுதி எச்சரித்தது: விற்பது மட்டுமல்ல, விளம்பரம் செய்வதும் இறக்குமதி செய்வதும் தப்பு. அப்படியும் "எங்கள் காம்பவுண்டுக்குள்தானே போடப்போகிறோம்" என்கிறார்கள். ரேடியோ அலைக்குக் காம்பவுண்டுச் சுவர் ஏது?

சட்டத்தை விடுங்கள். சட்டமே இல்லாவிட்டாலும் வடசென்னையில் ஜாமர் போடுவது மோசமான யோசனை, அதைக் கொஞ்சம் விரிவாகவே சொல்கிறேன். கடையில் கிடைக்கும் ட்ரோன்களில் பெரும்பாலானவை 2.4, 5.8 கிகாஹெர்ட்ஸில் பேசுகின்றன. உங்கள் ஆபீஸ் வைஃபையும் அதே இடத்தில்தான் இருக்கிறது. அதைவிட முக்கியம், ரசாயன ஆலைகளில் வயர் இழுக்க முடியாத இடங்களில் பொருத்தும் வயர்லெஸ் ஹார்ட் (WirelessHART) என்ற வகை உணரிகளும் 2.4-இல்தான் வேலை செய்கின்றன. அழுத்தம், வெப்பம், சில ஆலைகளில் வாயுக் கசிவு வரை இவை வழியாகத்தான் கட்டுப்பாட்டு அறைக்கு வருகிறது. ஒரு கல்யாண வீடியோகிராபரின் ட்ரோனை விரட்டப் போய், உங்கள் கசிவு எச்சரிக்கையை நீங்களே ஊமையாக்குவீர்கள். 2023 டிசம்பரில் எண்ணூரில் அமோனியா கசிந்த ராத்திரி பெரியகுப்பத்து ஜனங்கள் எழுந்து ஓடியதைப் பார்த்த யாருக்கும் இதற்கு மேல் விளக்கம் தேவைப்படாது.

ஜிபிஎஸ்ஸை அடைத்துவிடலாம் என்று அடுத்த யோசனை வரும். அது இன்னும் மோசம். 20,000 கிலோமீட்டருக்கு மேலே இருக்கும் செயற்கைக்கோளிலிருந்து வரும் அந்த சிக்னல் தரைக்கு வரும்போது அவ்வளவு பலவீனமாக இருக்கும். சின்னக் கருவியே நீங்கள் நினைத்ததைவிட அதிக தூரத்துக்கு அதை மூழ்கடித்துவிடும். காசிமேட்டிலிருந்து போகும் விசைப்படகுகள் ஜிபிஎஸ் பார்த்துத்தான் மீன் கிடைத்த இடத்துக்குத் திரும்பிப் போகின்றன. சென்னைத் துறைமுகம், காமராஜர் துறைமுகம், காட்டுப்பள்ளி என்று மூன்று துறைமுகங்களுக்குக் கப்பல்கள் வந்துபோகும் கரை இது.

அப்புறம், சிக்னலை அடைத்த பிறகு ட்ரோன் என்ன செய்யும் என்பது உங்கள் கையில் இல்லை. சில கிளம்பிய இடத்துக்கே திரும்பும், சில அங்கேயே அந்தரத்தில் நிற்கும், சில நின்ற இடத்தில் இறங்கும். எது நடக்கும் என்பதை ட்ரோன் விட்டவன் முன்கூட்டியே அதில் குறித்து வைத்திருப்பான். கீழே எண்ணெய் டேங்க் இருந்தால்? லித்தியம் பேட்டரியோடு ஒரு பொருள், சட்டென்று தீப்பிடிக்கும் நாஃப்தா எண்ணெய் டேங்க் மேல் விழுவதற்கு நீங்களே ஏற்பாடு செய்ததாகிவிடும். கொருக்குப்பேட்டை, தண்டையார்பேட்டையில் எண்ணெய்க் கிடங்குச் சுவருக்கு இந்தப் பக்கம் டேங்க், அந்தப் பக்கம் வீடு.

சரி, அப்படியானால் ட்ரோன் தடுப்பு நிறுவனங்கள் எதைத்தான் விற்கின்றன? சிட்னியின் ட்ரோன்ஷீல்டு, ஜெர்மனியில் தொடங்கிய டெட்ரோன், மத்திய அரசின் ராணுவ ஆராய்ச்சி அமைப்பான டிஆர்டிஓ உருவாக்கி பாரத் எலெக்ட்ரானிக்ஸ் தயாரிக்கும் டி4, நம்ம சென்னையின் பிக் பேங் பூம், யாரை எடுத்தாலும் வேலை ஒன்றுதான்: வருவதைக் கண்டுபிடிப்பது, அது என்ன என்று உறுதி செய்வது, தடுப்பது. தடுப்பது படைகளுக்கும் போலீசுக்கும் உரியது. தனியார் ஆலைக்கு முதல் இரண்டு போதும். ஆனால் பட்ஜெட் போடும்போது எல்லாரும் கடைசி வேலைக்குத்தான் காசு ஒதுக்குகிறார்கள், கண்டுபிடிக்கிற கருவியை "ஏதாவது ஒன்று போடுங்க" என்று விட்டுவிடுகிறார்கள்.

அந்த "ஏதாவது ஒன்று" வழக்கமாக ஆர்எஃப் (ரேடியோ அலை) உணரியாக இருக்கும், ட்ரோனுக்கும் ரிமோட்டுக்கும் நடுவே ஓடும் பேச்சை ஒட்டுக்கேட்கும் கருவி. நல்ல கருவிதான், நானும் முதலில் இதைத்தான் சிபாரிசு செய்வேன். எதையும் ஒலிபரப்பாமல் சும்மா கேட்டுக்கொண்டிருக்கும், அதனால் யாருக்கும் இடைஞ்சல் இல்லை. சில மாடல்கள் ரிமோட் பிடித்திருப்பவன் எந்த மொட்டைமாடியில் நிற்கிறான் என்பதையும் காட்டும், போலீசுக்கு வேண்டியது அதுதானே. ஆனால் இது ஒன்றே போதும் என்று நம்பக் கூடாது. பாதையை முன்பே ஏற்றி, ரிமோட்டே இல்லாமல் பறக்கவிட்ட ட்ரோன் வாய் திறக்காது. சிம் கார்டு போட்டு 4ஜியில் ஓட்டினால் தண்டையார்பேட்டையில் இருக்கும் அத்தனை செல்போன் நடுவே அது இன்னொரு போன். உக்ரைன் போரில் கண்ணாடி இழைக் கம்பியை இழுத்துக்கொண்டே பறக்கும் ட்ரோன்களும் வந்துவிட்டன, அவை ரேடியோவில் பேசுவதே இல்லை. புது மாடல்களின் பேச்சைப் பழக்க மென்பொருளை அடிக்கடி புதுப்பிக்கவும் வேண்டும். முதல் வருடம் முடிந்ததும் அந்தச் சந்தாவை அக்கவுண்ட்ஸ் பிரிவு வெட்டிவிட்டால் கம்பத்தில் இருப்பது வெறும் பெட்டி.

ரேடார் போடலாம். அதுவும் அலை அனுப்பும் கருவி, அலைவரிசை உரிமம் வேண்டும், அதை விற்பவர் தலையில் கட்டாமல் நீங்களே விசாரியுங்கள். சிக்கல் வேறு இடத்தில் இருக்கிறது. காசிமேட்டில் விடியற்காலை ஏலம் நடக்கும்போது வானத்தைப் பாருங்கள். காக்காயை விடுங்கள், அது சிறகடிக்கும், ரேடார் அந்த அசைவை வைத்தே இது பறவை என்று தள்ளிவிடும். கரும்பருந்து அப்படியில்லை. இறக்கையை அசைக்காமல் காற்றில் வட்டம் போடும், ஒரே இடத்தில் மிதந்து நிற்கும், அப்புறம் சட்டென்று சாயும். திரையில் பார்த்தால் யாரோ நிதானமாக ரிமோட் பிடித்து வேவு பார்ப்பது மாதிரியே இருக்கும். பிளாஸ்டிக் உடம்பு கொண்ட சின்ன ட்ரோனைவிட அந்தப் பருந்து ரேடாருக்கு நன்றாகவே தெரியும்! பருந்தைத் தள்ள உணர்திறனைக் குறைத்தால் ட்ரோனும் சேர்ந்து போய்விடும். ட்ரோனின் சுழலும் விசிறியின் தடத்தைப் பிரித்துப் பார்க்கும் ரேடார்தான் வேண்டும், அதையும் கேமராவோடு இணைக்க வேண்டும். கேமரா மட்டும் ஏமாறாதா என்றால், ஏமாறும். வடசென்னையில் மாஞ்சாவைத் தடை செய்தாலும் காத்தாடி நிற்பதில்லை, லீவு நாளில் சாயங்காலம் அலாரம் ஓயாது. சுத்திகரிப்பு ஆலையின் எரிவாயுச் சுடர் பின்னணியில் விழும்படி வெப்பக் கேமராவைத் திருப்பி வைத்தால் ராத்திரியில் ஒன்றும் தெரியாது. ஒலி கேட்டுக் கண்டுபிடிக்கும் கருவியா? எண்ணூர் விரைவுச்சாலையில் டிரெய்லர் வரிசையை ஒருமுறை பார்த்துவிட்டு வந்து பேசுங்கள்.

இதனால்தான் டெமோவை நம்பிக் கையெழுத்துப் போடக் கூடாது என்கிறேன். "5 கிலோமீட்டர்" என்று கையேட்டில் இருப்பது, தடையே இல்லாத திறந்தவெளியில், அவர்களே கொண்டுவந்த ட்ரோனை அவர்களே பறக்கவிட்டு அளந்த தூரம். உங்கள் இடத்தில் கிரேன், அடுக்கிய கன்டெய்னர், சிம்னி, இரும்புக் கூரை எல்லாம் அலையைத் திருப்பி அடிக்கும், மறைக்கும். அனுமதி வாங்கி, பகலிலும் ராத்திரியிலும், யார்டு நிறைந்திருக்கும்போதும் காலியாக இருக்கும்போதும் சோதியுங்கள். எத்தனை ட்ரோனைப் பிடித்தது என்பதை மட்டும் குறிக்காதீர்கள், எத்தனை பொய் அலாரம் வந்தது என்பதையும் குறியுங்கள். ஷிஃப்டில் இருக்கும் தம்பி ஏற்கெனவே சிசிடிவி, கேட் பதிவு, லாரி டிரைவர் சண்டை எல்லாவற்றையும் பார்க்கிறவர். பொய் அலாரம் அதிகமானால் ஒரு வாரத்தில் சத்தத்தை மியூட்டில் போட்டுவிடுவார். அவரைத் திட்டிப் பயனில்லை.

இன்னொன்று, வருவதெல்லாம் எதிரி என்று நினைப்பது. கால்வாய்களில் கொசு மருந்து தெளிக்க மாநகராட்சியே ட்ரோன் விட்டிருக்கிறது, பக்கத்து ஆலை தன் சிம்னியைப் பார்க்க விடும், நீங்களே உங்கள் டேங்க் கூரையைப் பார்க்க ஆள் வைத்திருப்பீர்கள். இவற்றை அடையாளம் காட்டும் பட்டியல் இல்லாமல் கருவியை ஓட்டினால் தினமும் தெரிந்த ஆளையே பிடிப்பீர்கள். மறுபக்கம், "மீனம்பாக்கம் எங்கேயோ இருக்கிறது, நம்ம ஏரியாவில் யாரும் கேட்க மாட்டார்கள்" என்று பறக்கவிடும் நம்ம பையன்களும் தப்புதான். 2021 ட்ரோன் விதிகள்படி பச்சை மண்டலத்தில் (முன் அனுமதி தேவைப்படாத பகுதியில்) 400 அடி வரை போகலாம், ஆனால் விமான நிலையம் தூரம் என்பதாலேயே ஒரு இடம் பச்சையாகிவிடாது. எங்கே பறக்கலாம் என்று காட்டும் அரசின் டிஜிட்டல் ஸ்கை வரைபடத்தைத் திறந்து பார்க்காமல் கிளப்பக் கூடாது. போலீஸ் 96 மணி நேரம் வரை தற்காலிகச் சிவப்பு மண்டலம் (அனுமதியில்லாமல் பறக்கக் கூடாத பகுதி) அறிவிக்கலாம், பெரிய தலைவர் வருகையின்போது நகரில் அது வழக்கம். 250 கிராமுக்குள் இருந்தால் ஓட்டுபவருக்குச் சான்றிதழ் வேண்டாம், அதற்காக எங்கே வேண்டுமானாலும் விடலாம் என்று அர்த்தமில்லை.

ஆதாரம் பற்றி யாருமே யோசிப்பதில்லை. 2018 டிசம்பரில் லண்டன் பக்கம் கேட்விக் விமான நிலையம் ட்ரோன் பயத்தில் முடங்கி, சுமார் 1,000 விமானங்களும் 1.4 லட்சம் பயணிகளும் மாட்டிக்கொண்டார்கள். கடைசியில் யார் விட்டது என்று கண்டுபிடிக்கவே இல்லை, நடுவில் ஒரு கணவன் மனைவியைத் தப்பாகப் பிடித்துப் பின்னால் நஷ்டஈடு கொடுத்ததுதான் மிச்சம். "சார், பார்த்தேன் சார்" என்பதை வைத்துக்கொண்டு ஸ்டேஷனில் ஒன்றும் செய்ய முடியாது. நேரம், திசை, உயரம், வீடியோ, ரிமோட் இருந்த இடம் எல்லாம் தானாகப் பதிவாக வேண்டும், கருவியின் கடிகாரம் சரியாக ஓட வேண்டும். எந்த ஸ்டேஷனுக்கு, எந்த எண்ணுக்குச் சொல்வது என்பதை முன்கூட்டியே அங்கே போய்ப் பேசி வைத்துக்கொள்ளுங்கள், ட்ரோன் தலைக்கு மேல் நிற்கும்போது தேடாதீர்கள்.

கடைசியாக, கருவியைப் பொருத்தும் கம்பம். கடல் உப்புக்காற்றும் அனல்மின் நிலையங்களுக்குப் போகும் நிலக்கரியின் தூசியும் சேர்ந்து கேமராக் கண்ணாடியில் பசை மாதிரி ஒட்டும், ஈரத்துணியால் துடைத்தால் கீறல்தான் விழும். கனெக்டர் பச்சை பூத்துவிடும். ஒப்பந்தத்தில் மாதாந்திரச் சுத்தம், உதிரிக் கேபிள், மென்பொருள் சந்தா மூன்றும் தனித்தனி வரியாக இருக்க வேண்டும். கருவியை ஆகஸ்டில் பொருத்தினாலும் கடைசித் தவணையை வடகிழக்குப் பருவமழை முடிந்து ஜனவரியில்தான் தருவேன் என்று எழுதிக்கொள்ளுங்கள். அதற்கு ஒத்துக்கொள்ளாத கம்பெனியிடம் மற்ற எதையும் பேச வேண்டியதில்லை.