திவி ஓவியம்: பார்ப்பவர்கள் வழக்கமாகச் சறுக்கும் இடங்கள்

ஆஸ்திரேலியாவின் டார்வின் நகரிலிருந்து சுமார் 80 கிலோமீட்டர் வடக்கே கடலுக்குள் இரண்டு பெரிய தீவுகள் உண்டு: மெல்வில், பாத்தர்ஸ்ட். அங்கே வாழ்கிறவர்கள் திவி மக்கள். ('டிவி' என்று எழுதினால் தொலைக்காட்சி ஆகிவிடும், அதனால் திவி என்றே வைத்துக்கொள்வோம்.) காவிக்கல், வெள்ளைக் களிமண், கரி இவற்றைக் கொண்டு அவர்கள் தீட்டும் ஓவியங்களை இணையத்தில் பார்த்ததும் நம் வாயில் முதலில் வருவது, "ஓ, ஆஸ்திரேலியப் பழங்குடிகளின் புள்ளி ஓவியம்!"

அங்கேதான் முதல் சறுக்கல். உலகம் அறிந்த அந்தப் புள்ளி ஓவியம் கண்டத்தின் நடுவே உள்ள பாலைவனத்தைச் சேர்ந்தது. 1971 வாக்கில் அங்குள்ள பாப்புன்யா என்ற ஊரில் அக்ரிலிக் வண்ணத்தோடு கிளம்பியது. திவி ஓவியத்திலும் புள்ளிகள் உண்டு, ஆனால் கருவியே வேறு. உறுதியான மரத்தில் செதுக்கிய சீப்பு ஒன்று வைத்திருப்பார்கள், கயிம்வகாகிமி என்று பெயர். அதன் பற்களை வண்ணத்தில் தோய்த்து ஒற்றினால் ஒரு வரிசைப் புள்ளி ஒரே அழுத்தில் விழும். இன்னொன்று, திவி நடனத்துக்குப் பின்னணியில் டிஜெரிடூ என்ற நீண்ட மரக்குழலை ஊதுவதாக எழுதிவிடாதீர்கள். அது இந்தத் தீவுகளின் மரபு வாத்தியமே இல்லை.

அடுத்தது, "இது என்ன படம்?" என்று கேட்பது. இந்த வட்டம் நீர்நிலை, அந்தக் கோடு பாதை என்று அகராதி போட்டுப் படிக்கும் பழக்கம் இங்கே அவ்வளவாகச் செல்லாது. கோடும் புள்ளியும் கட்டமுமான இந்த அலங்காரத்துக்கு ஜிலமாரா என்று பெயர். அது கித்தானுக்கு வந்தது பிற்பாடுதான். அதற்கு முந்தைய இடம் மனித உடம்பு, அதுவும் சாவு நடந்த வீட்டாரின் உடம்பு.

திவி மக்களின் ஈமச்சடங்கு புகுமானி. அதன் கதை இது. புருகுபர்லி என்ற மூதாதையின் மனைவி பீமா, கைக்குழந்தையை மர நிழலில் விட்டுவிட்டு, கணவனின் தம்பி தபாராவோடு போய்விட்டாள். நிழல் நகர்ந்தது, வெயிலில் குழந்தை இறந்தது. மூன்று நாளில் உயிரோடு திருப்பித் தருகிறேன் என்றான் தபாரா. புருகுபர்லி சம்மதிக்கவில்லை. இனி எல்லோருக்கும் சாவு உண்டு என்று சொல்லி, குழந்தையைத் தூக்கிக்கொண்டு கடலுக்குள் நடந்தான். தபாரா நிலாவானான். நிலவின் முகத்தில் தெரியும் தழும்புகள் அண்ணனோடு போட்ட சண்டையில் பட்டவை. பீமா கண்கிலேடி இனத்துப் பறவையாகி இன்றும் இரவில் அழுகிறாள். முதல் புகுமானி அப்போது நடந்ததுதான்.

இறந்தவரின் ஆவி தங்களை அடையாளம் கண்டுகொள்ளக் கூடாது என்பதற்காகத் துக்கம் காப்பவர்கள் முகத்திலும் உடம்பிலும் வண்ணம் பூசிக்கொள்வார்கள். அதாவது இந்த அலங்காரம் ஆளை மறைக்க வந்தது. இதைத் தெரிந்துகொண்டு மறுபடி அந்தக் கோடுகளைப் பாருங்கள், வேறு மாதிரித் தெரியும்.

காவியைச் சும்மா ஒரு 'இயற்கை வண்ணம்' என்று கடந்து போவதும் தவறுதான். அது அவர்களின் சொந்த மண்ணில் தோண்டி எடுப்பது. திவி வழக்கில் அந்த நிலம் ஒருவருக்குத் தந்தை வழியில் வரும். மஞ்சள் கல்லை நெருப்பில் சுட்டால் அதிலுள்ள நீர் போய்ச் சிவப்பாகும். ஒரே கல்லில் இரண்டு நிறம்! மிலிகபிட்டி ஊரில் 1989-இல் தொடங்கிய ஜிலமாரா கலை மையத்தில் இன்றும் இந்த மண் வண்ணங்கள்தான்.

கல்லறையைச் சுற்றி நடும் துதினி என்ற மரத்தூண்களைப் பற்றியும் ஒரு தவறான எண்ணம் உண்டு. அவை காலத்துக்கும் காக்க வேண்டிய சிற்பங்கள் அல்ல. செதுக்கி, வண்ணம் தீட்டி, சிலவற்றின் உச்சியில் மரப்பட்டைக் கூடையைக் கவிழ்த்து வைப்பார்கள். சடங்கு முடிந்தால் மழைக்கும் வெயிலுக்கும் விட்டுவிடுவதுதான் முறை. சிட்னியில் உள்ள நியூ சவுத் வேல்ஸ் கலைக்கூடத்துக்கு 1958-இல் 17 தூண்கள் செய்து கொடுத்தார்களே என்றால், அவை கல்லறைக்கு அல்ல, கூடத்துக்கென்றே செய்தவை.

அப்புறம், "ஆயிரமாயிரம் ஆண்டாக மாறாத கலை" என்ற புகழ்ச்சி. எனக்கு இதுதான் அதிக எரிச்சல். குலாமா என்ற கிழங்குச் சடங்கில் புதிதாகப் பாட்டுக் கட்டிப் பாடுவது வழக்கம். ஓவியத்திலும் ஒவ்வொருவர் கைக்கும் தனி நடை. திவி ஓவியர் கிட்டி கன்டில்லாவின் மெல்லிய புள்ளிகளையும், ஆஸ்திரேலியப் பழங்குடிக் கலைக்கான டெல்ஸ்ட்ரா விருதை 2012-இல் வாங்கிய டிமோதி குக்கின் பெரிய குலாமா வட்டங்களையும் பக்கத்தில் வைத்தால் புரிந்துவிடும்.

வாங்குகிறவர்களுக்கு ஒன்று: நினைவுப்பொருள் கடையில் மலிவாகக் கிடைப்பதை நம்பாதீர்கள். இந்தோனேசியாவில் செய்த பொருட்களைப் பழங்குடிக் கலை என்று விற்ற ஒரு நிறுவனத்துக்கு 2019-இல் ஆஸ்திரேலிய நீதிமன்றம் 23 லட்சம் டாலர் அபராதம் போட்டது. தீவின் கலை மையத்திலேயே வாங்கினால் யார் தீட்டியது என்ற சான்றிதழும் சேர்த்துக் கிடைக்கும்.